மனக்கணக்கில் முன்னால் போகிறவள்

விடை சொல்வதில் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை. அது எப்படி வந்தது என்று கேட்டால்தான் பயம். இத்தனை வயதாகியும், "அதெப்படி இவ்வளவு சீக்கிரம் சொன்னீங்க?" என்று யாராவது சும்மா கேட்டால்கூடப் பேச்சை மாற்றிவிடுவேன். கர்வம் பிடித்தவள் என்று சிலர் சொல்வது காதில் விழுந்திருக்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொன்னால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அதற்குக் கர்வமே மேல்.

மலாயாவில், கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தே தீரவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால் எங்கள் துரையும் ஒன்று வைத்தார். வைத்தார் என்றால், ரப்பரைக் காயவைக்கும் புகைக்கொட்டகைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இன்னொரு கொட்டகையைக் கைகாட்டினார். மூன்று பக்கம் பலகை. நாலாவது பக்கம் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் பார்த்தால் நிரை நிரையாக மரங்கள், கண்ணுக்கு எட்டும் வரை ஒரே மாதிரி மரங்கள். உச்சிவெயிலிலும் அதற்குள் மங்கலாகத்தான் இருக்கும். காற்று திரும்புகிற நாளில் மீனவர்கள் இருக்கும் பாசிர் பெனம்பாங் பக்கமிருந்து கருவாட்டு வாடை வரும். மற்ற நாளெல்லாம் ரப்பர் புகை.

வாத்தியார் என்று தனியாக ஆள் கிடையாது. ஆபீஸில் சின்னக் கிராணியாக, அதாவது உதவிக் குமாஸ்தாவாக, இருந்த யாழ்ப்பாணத்து இளைஞர்தான் வாத்தியாரும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, பிறகு ஆபீஸ் வேலை பார்த்து, சாப்பிட்டுவிட்டு எங்களிடம் வருவார். எங்களைக் கரையேற்ற வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. உட்கார்ந்தால் தனக்குத் தூக்கம் வந்துவிடும் என்ற பயத்தில் நடந்துகொண்டே இருப்பார், கேட்டுக்கொண்டே இருப்பார். சிலேட்டுகள் போதாததால் பெரும்பாலும் மனக்கணக்குத்தான். எல்லோரும் கண்ணை மூடவேண்டும். அவர் கணக்கைச் சொல்வார். விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்கவேண்டும்.

பக்கத்திலிருப்பவனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அவருக்குத் தீராத சந்தேகம். அதனால் விடையோடு விடமாட்டார்.

"விடை கிடக்கட்டும். எப்பிடி வந்தது எண்டு சொல்லு."

இந்தக் கேள்வியை அதற்குமுன் எங்களை யாரும் கேட்டதில்லை. எங்கள் தலைக்குள் என்ன நடக்கிறது என்று நாங்களும் பார்த்ததில்லை. பார்க்கச் சொன்னதும் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் மகன் ஒருவன், தலைக்குள் ஒரு கறுப்புப் பலகை தெரிகிறது, அதில் எழுதிக் கூட்டுகிறேன் என்றான். என் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி, ஒரு பானை தெரியுது அய்யா, அதுல போடுவேன், அதுலேருந்து எடுப்பேன் என்றாள். தொடைக்கடியில் விரலை ஒளித்துவைத்து எண்ணுவதாக ஒருவன் ஒப்புக்கொண்டான். இன்னொருவன் "தானா வருது அய்யா" என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வாங்கினான்.

"தானா வாறது இருமல். கணக்கு தானா வராது."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குமுன் அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பலகை இருக்கிறவனுக்குப் பலகை, பானை இருக்கிறவளுக்குப் பானை. எனக்கு இருந்தது வேறு. கண்ணை மூடினால் நான் ரப்பர் நிரைக்குள் நிற்பேன். அவர் கணக்கைச் சொன்னதும் நடக்கத் தொடங்குவேன். எனக்குக் கொஞ்ச தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருத்தி போய்க்கொண்டிருப்பாள். மரத்துக்கு மரம் கையால் தொட்டுக்கொண்டே போவாள். நான் பாதி வழியில் இருக்கும்போதே அவள் ஒரு மரத்தடியில் நிற்பாள். நின்று ஒரு எண்ணைச் சொல்வாள். நான் கையைத் தூக்குவேன். அவ்வளவுதான் என் கணக்கு.

"முன்னால போறவ சொன்னா அய்யா."

"ஆர் முன்னால போறது?"

"தெரியல அய்யா. மொகத்தப் பாத்ததில்ல."

வெளியே ரப்பர் கொட்டை ஒன்று வெயிலில் வெடித்து எங்கேயோ விழுந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு எல்லோரும் மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியாரும் பார்த்தார். சிரிக்கப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்து, சிரிக்காமல் மூடிக்கொண்டார்.

"எப்ப துவக்கம் போறாள்?"

"எண்ணப் பழகுனதிலேருந்து."

அவர் அடுத்த கணக்கை என்னிடம் கேட்கவில்லை. அடுத்த நாள் பானைச் சிநேகிதி இரண்டு பேருக்கு அப்பால் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் பேய் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

பேய் என்ற சொல் முதல் நாளே எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் நீடூழி வாழ்க என்பார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்த பெண்கள் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஈரத்தலையோடு வந்து என்னைக் கதவோரமாக இழுத்து நிறுத்தினாள்.

"யாரு அவ? சேலையா, பாவாடையா?"

"பாவாடை."

"ஏதாச்சும் கேக்குறாளா? கூப்புடுறாளா?"

"இல்ல. கணக்கு மட்டுந்தான் சொல்லுவா."

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் பயம். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். நான் மழலை பேசிக்கொண்டிருந்த வயதில் குளிர்க்காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அவள் முகம் எனக்கு ஞாபகமில்லை. அவள் பெயரையும் வீட்டில் யாரும் சொன்னதில்லை. செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார், பார்த்துவிட்டால் மேலே போகமாட்டார் என்று எங்கள் லயத்தில் நம்பிக்கை. அதனால் அம்மா அப்பா பேச்சில் அவள் "மூத்தது" என்று மட்டும் வருவாள், அதுவும் அபூர்வமாக.

அப்பாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் அரிசி அளந்து போடுகிற வேலை. சாந்தமான மனுஷன். ஆனால் பயந்துவிட்டால் அவசரக்காரர்.

"இப்பவே பாத்துரணும். ஊரெல்லாம் பேச விட்டுட்டு, நாளக்கி இவள யாரு கட்டுவா? வெள்ளிக்கெழம முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி எறக்கிருவோம்."

அன்றிரவு பாயில் அம்மா என் பக்கம் இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

கோயில் என்றால் கோபுரம் எதுவும் கிடையாது. தோட்டத்து எல்லையில், காடு வெட்டியபோது வெட்டாமல் விட்ட ஒரு பெரிய மரம். அதன் கீழே ஒரு சூலம், ஒரு கல். பேய் பிடித்தவரை அங்கே உட்காரவைத்து உடுக்கை அடித்துப் பேரைக் கேட்பார்கள். பேர் சொன்னதும் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து, அந்த மரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். பேய் ஆணியோடு மரத்தில் நின்றுவிடும். ஆள் நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த மரத்தில் பழைய ஆணிகள் நிறைய உண்டு. சிலவற்றை மரம் வளர்ந்து விழுங்கியிருந்தது. ஆணி தெரியாது, பட்டைக்குள்ளிருந்து முடி மட்டும் தொங்கும்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் நான் எண்ணாமல் இருந்து பார்த்தேன். எண்ணாவிட்டால் அவள் வரமாட்டாள், வராவிட்டால் ஆணி அடிக்கவேண்டாம் என்பது என் புத்திசாலித்தனம். முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். எண்ணக்கூடாது என்று நினைத்தவுடன் கண்ணில் பட்டதெல்லாம் எண்ணிக்கையாகிவிட்டது. கொடியில் காய்கிற துணி, கூரையின் தகரம், தட்டில் கிடக்கிற மிளகாய். கண்ணை இமைக்கிற நேரத்துக்குள் நிரை வந்துவிடும். அவள் போய்க்கொண்டிருப்பாள்.

ஒருதடவை அவளைப் பிடித்துவிடலாம் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓடினேன். நான் ஓடினால் அவளும் ஓடினாள். நான் நின்றால் நின்றாள். முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்ட நான், அவள் கழுத்து கொஞ்சம் அசைந்ததும், ஐயோ திரும்பிவிடாதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. முன்னால் போகிறவள் ஒருத்தி. பின்னால் ஓடுகிற நான் ஒருத்தி. நாங்கள் இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக ஓடுவதை எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள் யார்? கண்ணைத் திறந்தேன். அடுப்படியில் நான் மட்டும்தான் இருந்தேன். தனியாக இருப்பதாகவே தோன்றவில்லை.

அவள் ஒழிந்துபோனால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். வாத்தியார் கணக்கைச் சொல்வார். நான் கண்ணை மூடுவேன். நிரை மட்டும் இருக்கும், காலியாக. யாரும் எந்த மரத்தடியிலும் நின்று எதுவும் சொல்லமாட்டார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன். அவள் திரும்பிப் பார்ப்பதைவிட அந்தக் காலி நிரைதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? பேயைக் காப்பாற்றுங்கள் என்றா?

அந்த வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் போனேன். ஆற்றோரத்துப் பக்கம் புதிதாகக் காடு வெட்டி, கன்று நடுவதற்காகக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்த நேரம் அது. வாத்தியாருக்குக் காலையெல்லாம் அதே வேலை போல. அதிலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இருநூறு அடி நீளத்துக்கு ஒரு நிரை. இருபது அடிக்கு ஒரு கண்டு நடவேணும். இந்த முனையிலும் ஒரு கண்டு, அந்த முனையிலும் ஒரு கண்டு. மொத்தம் எத்தினை கண்டு? கண்ணை மூடுங்கோ."

கண்ணை மூட எனக்கு விருப்பமில்லை. மூடினேன். இன்னும் சில மணி நேரம்தான் இவள் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் நிரையின் முனையில் தயாராக நின்றாள், எப்போதும் போல் முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் கன்றின் தலையைத் தொட்டாள். "லாபம்" என்றாள். பிறகு நடந்து போய் அடுத்ததைத் தொட்டு, "ஒண்ணு" என்றாள்.

அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்வது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடும் என்பார்கள். என் அப்பாவும் ஸ்டோரில் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் அரிசி அளப்பார். ஆனால் அவள் லாபத்துக்குப் பிறகு ஒன்று என்றாள். அது தப்பு. அவள் எப்போதுமே அப்படித்தான் எண்ணுவாள். அதனால்தான் பொருள்களை எண்ணச் சொன்னால் என் விடையில் அடிக்கடி ஒன்று குறையும். "உன்ர தலையில ஆரோ ஒண்டைத் திருடுகினம்" என்று வாத்தியார்கூடச் சொல்லியிருக்கிறார்.

எல்லோருடைய கையும் உயர்ந்திருந்தது. பத்து என்றான் பலகைக்காரன். பத்து என்றாள் பானைக்காரி. இருநூறை இருபதால் வகுத்தால் பத்து, இதில் என்ன யோசனை என்று எல்லோரும் பத்து என்றார்கள். வாத்தியாரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். எங்களைப் பொறியில் மாட்டுவதற்காக ஆட்டினாரா, அவரே மாட்டிக்கொண்டு ஆட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் நிரையில் அவள் கடைசிக் கன்றைத் தொட்டபடி நின்றுகொண்டிருந்தாள்.

"பத்து, லாபத்தோட" என்றேன்.

"என்னது?"

"மொதக் கன்னு லாபம் அய்யா. அது எண்ணிக்கையில சேராது. ஆனா கன்னு அங்க நிக்குதுல்ல. அதையும் சேத்தா பதினொண்ணு."

அவர் வெளியே போனார். சுள்ளிகளைப் பொறுக்கிவந்து திறந்த பக்கத்தில் மண்ணில் ஒரு கோடு கிழித்து, காலடிக்கு ஒன்றாக ஊன்றினார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். ஊன்றி முடித்து, நிமிர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். பத்துக் காலடிக்குப் பதினோரு சுள்ளி. யாரும் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை. பிள்ளைகள் எனக்குப் பக்கத்திலிருந்து இன்னும் கொஞ்சம் விலகி நின்றார்கள். இவ்வளவு பேர் தப்பாகச் சொன்னபோது இவளுக்கு மட்டும் சரியாகச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

"உனக்கு இப்பிடி எண்ண ஆர் சொல்லித் தந்தது?" வாத்தியார் தணிந்த குரலில்தான் கேட்டார்.

தெரியாது என்றேன். அது நிஜம்.

சாயங்கால வெயில் இருக்கும்போதே கோயிலுக்குப் போனோம். பூசாரி வெளியூர் ஆள் இல்லை. எங்கள் லயத்தில் கடைசி வீட்டுக்காரர். காலையில் அம்மாவோடு பால் வெட்டுகிறவர், என்னைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளுகிறவர். விபூதி பூசி, உடுக்கையைக் கையில் எடுத்ததும் அவருக்கு என்னைத் தெரியவில்லை. சூலத்துக்கு முன்னால் என்னை உட்காரவைத்தார். அப்பா எனக்குப் பின்னால், சுத்தியலும் ஒரு புது ஆணியும் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா பக்கவாட்டில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

உடுக்கைச் சத்தம் மரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. வேப்பிலை முகத்தில் விழுந்தது.

"யாரு நீ? பேரச் சொல்லு."

நான் என் பெயரைச் சொன்னேன். அடி சற்றுப் பலமாக விழுந்தது.

"ஒம் பேரக் கேக்கல. உள்ள இருக்கறவ பேரச் சொல்லு."

தெரிந்தால்தானே சொல்வதற்கு? உடுக்கை நின்றது. பூசாரிக்கு மூச்சு வாங்கியது. படைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார்.

"எண்ணுற பேயின்னுல்ல சொன்னாங்க. எண்ணட்டும். பேரு சொல்லாட்டியும் அது எண்ணும்போது புடிச்சிக்கலாம்."

அவர் என் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் கத்தி. "எண்ணு" என்றார்.

கண்ணை மூடினேன். மூடாமல் எண்ணியிருக்கலாமே என்று பிறகு பல தடவை நினைத்ததுண்டு. அப்போது தோன்றவில்லை. நிரை வந்தது. அவளும் வந்தாள். அந்த நிரையின் கடைசியில், அதுவரை நான் அங்கே பார்த்தே இராத ஆணி மரம் நின்றது. அவள் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தாள். அவளை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. அவள் சொன்னதை நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

"லாபம். ஒண்ணு. ரெண்டு. மூணு."

"நிறுத்துங்க."

அம்மாவின் குரல் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் பூசாரியின் கத்தி பிடித்த கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். பூசாரியைத் தொட்டுப் பேசுகிற பெண் எங்கள் தோட்டத்தில் கிடையாது.

"என்னா புள்ள இது, கைய விடு" என்றார் அவர்.

அம்மா விடவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கேட்டீங்களா? லாபத்துக்கு அப்புறம் ஒண்ணு. ஒங்க படியப் பாத்துப் பாத்து மூத்தது அப்புடித்தானே எண்ணும். லாபம் சாமிக்கு, அது கணக்குல வராதுன்னு சொல்லும். அப்புடி அளந்தா தொரை எனக்குச் சீட்டுக் கிழிச்சிருவாருன்னு நீங்க சிரிப்பீங்க. இவளக் கால்மேல உக்கார வச்சிக்கிட்டு, கொட்டைய வரிசையா வச்சி நாளெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்குமே. இந்த ஊர்ல அப்புடி எண்ணுனது அது ஒண்ணுதான்."

அப்பா கையிலிருந்த ஆணியை அம்மா பார்த்தாள்.

"எம் புள்ளய மரத்துல வச்சி ஆணி அடிக்கவா கூட்டியாந்தீங்க?"

பூசாரி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். உடுக்கையைக் கீழே வைத்தார். மறுபடியும் கடைசி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

"எறக்கலேன்னா அது போகாது. பின்னாடி என்னயச் சொல்லக் கூடாது."

"போக வேணாம்" என்றாள் அம்மா.

அப்பா ஆணியை மடியில் செருகிக்கொண்டார். சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, பழம் தேங்காயைப் பூசாரியோடு பங்கிட்டுக்கொண்டு வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றார். அழுவதற்குத்தான் அவர் தங்கினார் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது.

இதைப் பற்றி நான் பிற்காலத்தில் நிறைய யோசித்திருக்கிறேன். எண்ணிக்கை யாருக்கும் பிறக்கும்போதே கூட வருவதில்லை. யாரோ ஒருவர் வாயிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறோம். வாங்கும்போது அவர் குரலும் நடையும் தப்பும் சேர்ந்தே வருகின்றன. பிறகு அவரை மறந்துவிட்டு, நான் யோசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறோம். நானும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள்தான். தலைக்குள் யார் எண்ணுகிறார்கள் என்று நிறையப் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். நான்தான் என்று சட்டென்று சொன்ன பிள்ளைகள்கூட, கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொன்னால் தயங்கும். இப்படியெல்லாம் விளக்கம் சொல்ல எனக்கும் தெரியும். சொல்லி முடித்ததும் மனசு சமாதானமாகிவிடும். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்த வழியை நினைத்தால் அந்த விளக்கம் போதாது.

எல்லையிலிருந்து லயத்துக்கு நிரைகளுக்கு நடுவேதான் வரவேண்டும். வெயில் இறங்கியிருந்தது. ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகமுடியும். அம்மா முன்னால் போனாள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். அங்கங்கே கொட்டைகள் வெடித்தன. ஓரிடத்தில் அம்மா நின்றாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"இப்ப இருக்காளா?"

எனக்குக் கண்ணை மூடப் பயமாக இருந்தது. அம்மா கேட்கும்போது எப்படி மூடாமல் இருப்பது? மூடினேன். அதே நிரைதான், அதே வெளிச்சம்தான். உள்ளே பார்த்ததற்கும் வெளியே நின்றதற்கும் வித்தியாசமே இல்லை. அம்மா நிற்கிற இடத்தில்தான் அவளும் நின்றாள்.

"இருக்கா."

"எங்க?"

"நமக்கு முன்னால. நீ நிக்கிற எடத்துல."

அம்மா சட்டென்று பாதையை விட்டு விலகினாள். யாருக்கோ வழி விடுவதுபோல் ஒரு மரத்தோடு ஒட்டி நின்றாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து, தோளைத் தொட்டாள்.

"நீ போ. நான் பின்னால வர்றேன்."

நான் நடந்தேன். எனக்கு முன்னால் பாதை காலியாகக் கிடந்தது. கண்ணை இமைத்தபோதெல்லாம் அது காலியாக இல்லை. அவள் வழக்கம்போல் வேகமாகப் போனாள். நான் தடுக்கிவிழாத குறையாக எட்டி நடை போட்டேன். வியர்த்துக் கொட்டியது. எனக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்போது அவள், நான் பிறந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத ஒரு பெயரைச் சொன்னாள். உரக்கக் கூப்பிடவில்லை. பக்கத்தில் போகிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரிதான் அந்தப் பெயரைச் சொல்லி, பிறகு கேட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் மெதுவாப் போ ஆத்தா. தங்கச்சியால ஒன்னய எட்டிப் புடிக்க முடியல."

அம்மா பெயர் சொல்லிவிட்டாளே, இனி அக்கா திரும்பிப் பார்ப்பாளே என்று பயந்தேன். கண்களை இறுக்கி மூடி நின்றுவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. நடையைத் தளர்த்தினாள். நான் பக்கத்தில் வரும் வரை காத்திருந்து, அடுத்த மரத்தைத் தொட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி லாபம் என்றாள். ஒண்ணு என்று நான் சொன்னேன்.